பயிற்சி டீச்சர்

ஆணிக் கம்பெனியில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இன்னும் டீச்சர் ஆகவில்லை. வணிகவியல் ஆசிரியர் பட்டப்படிப்புக்காக மாலைக் கல்லூரியில் சேர்ந்த மறுநாள் யாரோ கேலியாக ஆரம்பித்துவைத்த பெயர் அது. நாலு வருஷத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. சம்பளச் சீட்டு கொடுக்கும் கிளார்க் கூட நிமிர்ந்து பார்க்காமல், "டீச்சர், கையெழுத்து" என்பார்.

கம்பெனி ஊரின் ஓரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் கம்பிச் சுருள்கள் உள்ளே போகும், மறுபக்கம் ஆணியாகி அட்டைப் பெட்டிகளில் வெளியே வரும். நடுவில் முப்பத்திரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் கம்பியை இழுத்துப் பிடித்து, தலையில் ஒரு அடி போட்டு, நுனியைக் கூராக வெட்டிக் கீழே துப்பும். நிமிஷத்துக்கு இருநூறு அடி. எல்லாம் ஒன்றாக ஓடும்போது அது சத்தம் மாதிரி இருக்காது; நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு தட்டுகிற மாதிரி இருக்கும். தகரக் கூரையில் மழை கொட்டினாலும் உள்ளே தெரியாது. வாசலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மழை என்று கையைக் குவித்துக் காட்டுவார்கள்.

உள்ளே பேச்சு என்றால் உதடுதான். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக ஆறு மாதம் ஆகும். பழகிவிட்டால் இருபது அடி தள்ளி நின்று ஒருத்தி தன் மாமியாரைத் திட்டுவதை மூன்றாவது மேஜைக்காரி படித்துச் சிரிப்பாள். காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். வியர்வையில் காது அரிக்கும் என்று பாதிப்பேர் அதைப் பையிலேயே வைத்திருப்பார்கள். டீச்சரும் அப்படித்தான். இருபத்திரண்டு வயதில் பேக்கிங் மேஜைக்கு வந்தவள். அதே மேஜையில் நெட்டை என்கிற தோழி. பதினாலு வருஷம் இருவரும் எதிரும் புதிருமாக நின்று ஆணியை நிறுத்துப் பெட்டியில் அடைத்தார்கள்.

வேலை முடிந்ததும் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பாள். நகக்கண்ணில் இருக்கும் எண்ணெய்க் கறுப்பு போகாது. அப்படியே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போவாள். அலுவலக நடைமுறை, வணிகக் கடிதம், கணக்குப்பதிவியலைக் கற்பிக்கும் முறை என்று ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் பெஞ்சில், விரிவுரையாளருக்கு நேர் எதிரில் உட்காருவாள். கண்ணை எடுக்கமாட்டாள். "அவங்களைப் பாருங்க, நாள் பூரா வேலை பாத்துட்டு வந்து கண்ணைச் சிமிட்டுறாங்களா?" என்று விரிவுரையாளர்கள் மற்றவர்களைத் திட்டுவார்கள். மார்க்கும் அதற்குத் தகுந்தாற்போல வந்தது.

வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஜன்னல். புருஷன் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவார். வரும்போது விற்காத ரொட்டித் துண்டுகளைக் காகிதப் பையில் கொண்டுவருவார். மகளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வீட்டில் மூன்று பேரும் உரக்கப் பேசுவார்கள். கீழ்வீட்டுக்காரி ஒருநாள், "தினமும் என்னதான் சண்டை உங்களுக்கு?" என்று விசாரிக்கவே வந்துவிட்டாள். "சண்டை இல்லைம்மா, உப்பு எங்கேன்னு கேட்டேன்" என்றார் ரொட்டிக்காரர். போன் வந்தால் அவரோ மகளோதான் எடுப்பார்கள். அது எப்போதிலிருந்து அப்படி ஆயிற்று என்று யாரும் யோசித்ததில்லை.

கடைசி வருஷத்தில் பன்னிரண்டு வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு கேட்டாள். ஃபோர்மேன் கொடுத்தார். "பன்னண்டு வாரம். பதிமூணாவது வாரம் நீ வரமாட்ட, தெரியும். வந்தா மட்டும் அந்த மேஜை இருக்கும்னு நினைக்காத" என்று சிரித்தார். நெட்டை அவளுக்கு ஒரு புதுப் புடவை வாங்கிக் கொடுத்தாள்.

பயிற்சி தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். ரொட்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். மகள் தரையில் நோட்டுடன் உட்கார்ந்தாள். டீச்சர் மர அலமாரிக் கதவில் சாக்பீஸால் விசாரணைக் கடிதத்தின் அமைப்பை எழுதிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், தேதியை எந்தப் பக்கம் எழுதணும்?" என்றாள் மகள்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், தேதி எந்தப் பக்கம்?"

"சத்தமாக் கேளு பாப்பா. பின்னாடி பெஞ்சுலேர்ந்து கேக்குற மாதிரி" என்றார் அப்பா.

மகள் மூன்றாவது முறை கேட்டாள். பிறகு நோட்டைத் தரையில் வைத்தாள். "அப்பா, அம்மாவுக்குக் கேக்கல."

"அசதியா இருக்கும்."

"இல்லப்பா. இப்ப நான் 'அம்மா, தீ'ன்னு சொல்றேன் பாரு." சொன்னாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். டீச்சர் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பினாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? எழுத்து கோணலா இருக்கா?"

மகள்தான் சொன்னாள். டீச்சர் முதலில் சிரித்தாள். அப்புறம் கோபப்பட்டாள். "கேக்குது. நான் கவனிக்கல, அவ்வளவுதான். நீ இப்ப பேசுறது எல்லாம் எனக்கு எப்படிப் புரியுது?"

"என் வாயைப் பாக்குற" என்றாள் மகள்.

அன்றைக்கு அவர்கள் சாப்பிடும்போது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "எதையாவது சொல்லுங்க" என்றாள். இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவருடைய குரல் கொஞ்சம் வந்தது, பக்கத்து அறையில் யாரோ மேஜையை நகர்த்துவதுபோல. மகளின் குரல் வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப போய் டாக்டர்கிட்ட காட்டினா காது கேக்காதுன்னு எழுதி வச்சிருவாங்க. பன்னண்டு வாரம்தானே? நாலு வருஷம் நீந்தியாச்சு, இன்னும் ரெண்டு கை போட்டா கரை" என்றார் ரொட்டிக்காரர். "காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரலாம்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. டீச்சர்தான் முதலில் சிரித்தாள்.

கரும்பலகைப் பக்கம் திரும்பக் கூடாது என்று முடிவாயிற்று. எழுத வேண்டியதை எல்லாம் பெரிய தாளில் மகள் வீட்டிலேயே எழுதித் தந்தாள். அதைச் சுருட்டி எடுத்துப்போய் ஆணியில் மாட்டிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்தபடியே நின்று குச்சியால் பின்பக்கம் தொட்டுக் காட்டுவாள். சந்தேகம் கேட்பவர் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒழுங்கு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பாராட்டினார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். முதல் நாலு வாரம் ஓடிவிட்டது. அவள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். பெட்டியில் எத்தனை ஆணி, எந்த அளவு, எந்தக் கடைக்கு, அனுப்பியது குறைந்தால் கடைக்காரர் எப்படிக் கடிதம் எழுதுவார், அதற்குக் கம்பெனி எப்படிச் சமாளித்துப் பதில் எழுதும் என்று அவள் சொல்லும்போது பாடப்புத்தகம் உயிரோடு எழுந்து வந்தது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், வகுப்பிலேயே துடுக்கு, "டீச்சர், அந்தக் கடைக்காரர் பொய் சொன்னா?" என்று கேட்பாள். "அதுக்கும் ஒரு கடிதம் இருக்கு, நாளைக்குச் சொல்றேன்" என்பாள் இவள். வீட்டுக்கு வந்து ஒவ்வொருத்தரைப் பற்றியும் கதை கதையாகச் சொன்னாள். அந்த நாலு வாரமும் அவள் கைவிரல் நகங்கள் வெளுப்பாக இருந்தன.

பிள்ளைகளுக்கு இரண்டாவது வாரமே தெரிந்துபோயிருந்தது.

ஐந்தாவது வாரம் பாடத்திட்டத்தில் தொலைபேசி உரையாடல் வந்தது. அலுவலகத்தில் போனை எடுத்ததும் என்ன சொல்ல வேண்டும், எதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம். அன்றைக்குத்தான் மேற்பார்வையிடக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மேடம் வந்தார். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக, நடுநிலையான ஆள் என்று பெயரெடுத்தவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

டீச்சர் இரண்டு பழைய போன்களைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் முன்னால் வந்து, வகுப்பைப் பார்க்காமல் அவளைப் பார்த்து நிற்க வேண்டும் என்று வைத்திருந்தாள். முதல் மூன்று ஜோடி ஒழுங்காகப் பேசிவிட்டுப் போயிற்று. நாலாவதாக ரெட்டைச் சடை வந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

"நல்லாச் சொன்ன" என்றாள் டீச்சர். "ஆனா கம்பெனி பேரை விட்டுட்டியே? 'வணக்கம், யாரு'ன்னா வீட்டு போன். முதல்ல கம்பெனி பேரு, அப்புறம் உன் பேரு. திரும்பச் சொல்லு."

ரெட்டைச் சடை திரும்பவும் உதட்டை அசைத்தாள்.

"ஆங், இப்ப சரி. பாத்தீங்களா? இவ்வளவுதான் விஷயம்" என்று வகுப்பைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது. சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள். கடைசி பெஞ்சில் மேடம் மட்டும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

மணி அடித்த பிறகு இருவரும் ஆசிரியர் அறையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பொண்ணு போன்ல என்ன சொன்னா?" என்றார் மேடம்.

"முதல்ல கம்பெனி பேரைச் சொல்லல மேடம். திருத்தினதும் சரியாச் சொன்னா."

"அவ சத்தமே போடல."

டீச்சர் அவர் வாயையே பார்த்தாள்.

"உதட்டை மட்டும்தான் அசைச்சா. குரல் கிடையாது. க்ளாஸ் முழுக்கத் தெரிஞ்சுது. உங்களுக்கு மட்டும்தான் தெரியல." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை வருஷமா இப்படி?"

"தெரியல மேடம். சத்தியமாத் தெரியல. ஆணிக் கம்பெனியில பதினாலு வருஷம்."

"நாலு வருஷம் என் முன்னாடி உக்காந்திருக்கீங்க. நானும் கவனிக்கலையே."

"முகத்தைப் பாத்தா எனக்கு எல்லாம் புரியும் மேடம். இன்னும் ஏழு வாரம்தான். ஒரு குறையும் வராம பாத்துக்கிறேன்."

"நாப்பத்திரண்டு முகத்தையும் ஒரே நேரத்துல பாப்பீங்களா? பின்னாடி ஒருத்தன் மயங்கி விழுந்து பக்கத்துல இருக்கிறவ கத்தினா? உங்களுக்கு நான் கையெழுத்துப் போட்டா அது பொய்க் கையெழுத்து." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க பாடம் நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லாம போனா பாவம். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. கருவி வச்சுச் சரியாகும்னா நான் திரும்ப வர்றேன்."

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இளம்பெண் ஒருத்தி கருவியைத் திருகினாள். டீச்சர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அவள் புருவம் லேசாக உயரும்போதெல்லாம் அமுக்கினாள். நாலைந்து முறை ஆனதும் அந்தப் பெண் எழுந்து உள்ளே வந்தாள்.

"அக்கா, அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காருங்க."

சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட அட்டை ஒட்டியிருந்தது. அவள் காத்திருந்தாள். கருவி கெட்டுவிட்டது, சரிபண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு கை தோளைத் தொட்டது. முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்றாள் அந்தப் பெண்.

நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். "தடிச்ச சத்தம் கொஞ்சம் வரும். மெல்லிசா, கூர்மையா இருக்கிறது எல்லாம் போயாச்சு. சின்னப் பிள்ளைங்க குரல் அந்த வகைதான்." காதில் மாட்டும் கருவி ஒன்றை ஒரு வாரத்துக்குக் கடனாகக் கொடுத்தார்.

அதை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பெஞ்சுகள் நகர்வதும், வெளியில் லாரி போவதும், அவளுடைய செருப்பே தரையில் உரசுவதும் மண்டைக்குள் வந்து இடித்தன. அதற்கு நடுவில் யாரோ ஏதோ கேட்டார்கள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மேடம் சொன்னபடி திரும்ப வந்தார். அரை மணி நேரம் கடைசி பெஞ்சில் இருந்தார். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சதுக்கு ஒரு சான்றிதழ் தருவாங்க" என்றார் வெளியே வந்ததும். "வணிகப் பாடம் படிச்சவங்கன்னு. பள்ளிக்கூடத்துக்கு அது செல்லாது."

"ஆபீஸ் வேலைக்குச் செல்லுமா மேடம்?"

"செல்லும். ஆனா ஆபீஸ்ல போன் எடுக்கணுமே" என்றவர், சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரொட்டிக்காரர் ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு நஷ்டஈடு கேட்கக் கம்பெனி ஆபீசுக்குப் போனார். டாக்டர் சீட்டை மேனேஜரின் மேஜையில் வைத்தார். மேனேஜர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வருத்தமா இருக்குங்க. ஆனா இவங்க இங்க வேலைக்குச் சேரும்போது காது நல்லாக் கேட்டுச்சுன்னு ஏதாவது சீட்டு இருக்கா?"

"சேரும்போது நீங்க யாரும் கேக்கலையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கேட்டுச்சுன்னு உங்ககிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. அடைப்பான் கொடுத்ததுக்கு மட்டும் இவங்க கையெழுத்து இருக்கு. வருஷா வருஷம் போட்டிருக்காங்க." ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து காட்டினார். பதினாலு கையெழுத்து. முதலாவது ஒரு சின்னப் பெண்ணின் உருண்டையான எழுத்து.

ரொட்டிக்காரர் அந்த முதல் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது" என்றார். "அப்பல்லாம் நான் தெருமுனையில சைக்கிள் மணி அடிச்சா மாடியிலேர்ந்து எட்டிப் பாப்பா சார்."

மேனேஜர் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது ஃபோர்மேன் எதிரில் வந்தார். அவருக்கும் கேட்காது, கொட்டகையில் இருபது வருஷம் ஓட்டியவர் யாருக்குத்தான் கேட்டது. அவள் முகத்துக்கு நேரே வந்து நிதானமாக உதட்டை அசைத்தார். "பேக்கிங் மேஜைக்கு ஆள் போட்டாச்சு. பதினேழாம் நம்பர் மெஷின் இருக்கு. பெரிய ஆணி. சத்தம் தாங்காம ரெண்டு பேர் ஓடிப்போனாங்க. உனக்கு இனிமே என்ன? திங்கக்கிழமை வந்துரு." அவர் அதைக் கருணையாகத்தான் சொன்னார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. சரி என்று தலையசைத்தாள்.

அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. ஜன்னலில் துணி காயாமல் தொங்கிற்று. பாடத் தாள்களை எல்லாம் மகள் சுருட்டிக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ரொட்டிக்காரர் அடுப்புச் சூட்டில் வெந்த கையோடு வந்து, தேநீர் போட்டு, அவள் தோளைத் தொட்டுத் திருப்பிக் கையில் கொடுத்தார். "குடி. ஆறிரும்" என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று கீழ்வீட்டுக்காரி படிக்கட்டில் யாரிடமோ சொன்னாள். நல்லவேளை, அது மகளுக்கு மட்டும்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். மகள் திறந்தாள். நனைந்த குடையோடு ரெட்டைச் சடை நின்றாள். பள்ளிக்கூடத்தில் விலாசம் வாங்கிக்கொண்டு தனியாக வந்திருந்தாள்.

டீச்சர் எழுந்து வந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். குடைக் காம்பை முறுக்கியபடி, மோவாய் கழுத்தில் ஒட்டியிருக்க, ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். டீச்சருக்கு அவளுடைய வகிடுதான் தெரிந்தது. நடுவில் அழுதாள்போல, தோள் குலுங்கிற்று. பிறகும் பேசினாள். நிமிரவேயில்லை.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று டீச்சர் புரிந்துகொண்டாள். நிமிரச் சொல்லி அவளை இன்னும் வெட்கப்படுத்த மனம் வரவில்லை. ஈரத் தலையில் கைவைத்து, "சரிம்மா, சரி. அழக் கூடாது. எல்லாம் சரி" என்றாள்.

ரெட்டைச் சடை சட்டென்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "தாங்க்ஸ் டீச்சர்" என்றாள். அதை டீச்சர் பார்த்தாள். ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுப் போ என்று சொல்வதற்குள் அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிவிட்டாள்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பாவம், சின்னப் பொண்ணு" என்றாள் டீச்சர். "மன்னிப்புத்தானே கேட்டா?"

மகள் கதவைச் சாத்தினாள்.

"என்னடி? என்ன சொன்னா?"

"மன்னிப்பும் கேட்டா." மகள் அம்மாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்புறம், புது சார் புத்தகத்தைப் பாத்து வாசிக்கிறாராம். ஒருத்தருக்கும் புரியலையாம். இனிமே எல்லாரும் எழுந்து நின்னு, நிமிர்ந்து, மெதுவாப் பேசுறோம்னு பேசி வச்சிருக்காங்களாம். க்ளாஸ் முழுக்க ஒத்துக்கிட்டாங்களாம். நாளைக்கு வந்துருவீங்களா டீச்சர்னு கேட்டா."

"நான் என்ன சொன்னேன்?"

"சரின்னு சொன்ன."

டீச்சர் படிக்கட்டுக்கு ஓடினாள். கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டும் என்றால் பெயர் வேண்டும். நாற்பத்திரண்டு பேரின் பெயரும் அவளுக்கு எழுத்தில்தான் தெரியும், காதால் கேட்டதில்லை. வாயைத் திறந்தாள். தன் குரல் வெளியே போயிற்றா, எவ்வளவு தூரம் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் நாலைந்து குடைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் திரும்பவில்லை.

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று பின்னாலிருந்து மகள் கேட்டாள், பிறகு முன்னால் வந்து நின்று இன்னொரு முறை கேட்டாள்.

"என்னன்னு சொல்லுவ?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் பதினேழாம் நம்பர் முன்னால் நின்றாள். ஆறு அங்குல ஆணி. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்து கணுக்காலில் ஏறியது. ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையசைத்துப் போனார். பத்தரை மணிக்குப் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல். எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கம்பிச் சுருள் தீர்ந்துகொண்டிருந்தது. புதியதைத் தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும். நெட்டையைப் பார்த்துக் கை அசைத்தாள். நெட்டை மேஜையை விட்டு வந்தாள். இருவரும் குனிந்து, ஒரே மூச்சில் அதைத் தூக்கினார்கள்.